எல்லாக் குழுவுக்கும் ஒரே விடை வந்தால்…

வாசகர் கேள்வி – பதில்

செய்முறைக் கற்றல் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, ஏழு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

தரம் 7க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வகுப்பில் 42 பிள்ளைகள். தேசிக்காயில் மின்கலம் செய்வித்தேன். பாதிக் குழுக்களுக்குக் குமிழ் எரியவில்லை. எரிந்த குழுக்களும் நான் சொன்னதைச் செய்துவிட்டுச் சும்மா இருந்தன. ஒரு பிள்ளைகூடக் கேள்வி கேட்கவில்லை. 40 நிமிடப் பாடவேளைக்குள் இதற்கு மேல் என்னதான் செய்வது?
– ஆசிரியை, கொட்டாஞ்சேனை

முதலில் எரியாத குமிழைப் பார்ப்போம். நீங்கள் கொடுத்தது டோர்ச் குமிழ் என்றால் ஒரு பெட்டி தேசிக்காய் வைத்தாலும் அது எரியாது. அதற்கு 300 மில்லிஅம்பியர் அளவில் மின்னோட்டம் வேண்டும்; தேசிக்காய் தருவது ஒரு மில்லிஅம்பியருக்கும் குறைவு. சிவப்பு எல்.ஈ.டி வாங்குங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியல் உதிரிப்பாகம் விற்கும் கடைகளில் எடுக்கலாம். அதற்கு 1.8 முதல் 2 வோல்ற்று போதும், சொற்ப மின்னோட்டத்திலும் மங்கலாக ஒளிரும். நாகம் (துத்தநாகம்) பூசிய ஆணியும் செப்புக் கம்பியும் குத்திய ஒரு தேசிக்காய் ஏறக்குறைய 0.9 வோல்ற்று தரும். இரண்டு போதாது, மூன்றில் எரிந்தாலும் எரியும், நான்கைத் தொடராக இணைத்தால் நம்பிக்கையாக எரியும்.

பிறகும் எரியாவிட்டால் காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று: எல்.ஈ.டியின் நீண்ட கால் செப்புப் பக்கம் இல்லை. செப்புக் கம்பியின் மெல்லிய வார்னிஷ் பூச்சு சுரண்டப்படவில்லை. காய்க்குள்ளே ஆணியும் கம்பியும் முட்டிக்கொண்டிருக்கின்றன. ஆணி வெறும் இரும்பு. வெறும் இரும்பாணியில் வோல்ற்றளவு நன்றாக இறங்கிவிடும்.

நாற்பது தேசிக்காய் வாங்கத் தேவையும் இல்லை. சோடாப் போத்தல் மூடி ஒன்றில் ஒரு தேக்கரண்டி வினாகிரி பிடிக்கும். குழுவுக்கு 4 மூடி, பத்துக் குழுவுக்கு 40 மூடி, மொத்தம் 200 மில்லிலீற்றர் வினாகிரி. மூடிகளை மட்டைத்துண்டில் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆணியின் பாரத்தில் கவிழும். தேசிக்காயையே பாவித்தால், வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் குப்பையில் போடுங்கள். நாகம் கரைந்த சாறு குடிக்கக்கூடாது.

இனி, பிள்ளைகள் ஏன் சும்மா இருந்தார்கள்? கேள்வியும் உங்களுடையது, வழியும் உங்களுடையது, விடையும் முன்கூட்டியே தெரிந்தது. அவர்களுக்கு மிச்சமிருந்தது கை மட்டும். சமையல் குறிப்பைப் பார்த்துச் சமைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பத்துக் குழுவுக்கும் ஒரே விடை வருகிற செய்முறையை ஆசிரியர் தானே மேசையில் செய்து காட்டினால் நேரமாவது மிஞ்சும்.

அடுத்த முறை 40 நிமிடத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். முதல் 5 நிமிடம்: எரிகிற எல்.ஈ.டி ஒன்றைக் காட்டுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். அடுத்த 8 நிமிடம்: ஒவ்வொரு குழுவும் கேள்விகளை மட்டும் எழுத வேண்டும், ஆறுக்குக் குறையாமல். யாரும் விடை சொல்லக்கூடாது. மற்றவரின் கேள்வியைப் பார்த்துச் சிரிக்கக்கூடாது. கேட்டது கேட்டபடி கொப்பியில் ஏற வேண்டும். 3 நிமிடம்: இங்கே கிடக்கும் சாமான்களை வைத்து இன்றே சோதிக்கக்கூடிய ஒன்றைத் தெரிவது. 16 நிமிடம் செய்வது, 5 நிமிடம் துப்புரவு, 3 நிமிடம் கொப்பி. இரட்டைப் பாடவேளை கிடைத்தால் மேலதிக நேரம் முழுவதையும் செய்வதற்கே கொடுங்கள்.

முதல் தடவை வருகிற கேள்விகள் “இது எப்படி எரிகிறது?” என்ற அளவிலேயே நிற்கும். அதை “எதை மாற்றினால் எது மாறும்?” என்று திருப்பி எழுதச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றினால்? ஆணியைத் தூரத்தில் வைத்தால்? இரண்டு பக்கமும் செம்பு என்றால்? கடைசிக் கேள்வியை ஒரு குழு எடுத்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்: பூச்சியம் வரும். மின்சக்தி தேசிக்காயிலிருந்து வரவில்லை, கரைகிற நாகத்திலிருந்து வருகிறது என்பதை நீங்கள் சொல்லாமலே நெருங்கிவிடுவார்கள். வோல்ற்றளவை அளக்கும் பன்மானி ஒன்று வகுப்புக்குப் போதும். வரிசையில் வந்து அளக்கட்டும்.

“ரீச்சர், இது சரியா?” என்று கேட்டால் “சரியா என்று எப்படிப் பார்க்கலாம்?” என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரு குழு முட்டி நின்றால் மட்டும் ஒரு துப்புக் கொடுங்கள். சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முதல்நாளே சொல்லி வைப்பது நல்லது.

மகளின் தரம் 6 செயற்றிட்டத்துக்கு ரிஜிபோமில் எரிமலை செய்து, இரவு 11 மணி வரை ஒட்டியது நான். புள்ளி கிடைத்தது. ஆனால் மனம் ஒப்பவில்லை.
– தகப்பன், பம்பலப்பிட்டி

உங்களுக்குக் கிடைத்த புள்ளி அது. அப்பச்சோடாவும் வினாகிரியும் பொங்குவதற்கும் எரிமலை வெடிப்பதற்கும் தொடர்பே இல்லை என்பது வேறு விஷயம்.

தவறு உங்களிடம் மட்டும் இல்லை. அழகான பொருளுக்குப் புள்ளி என்றால், பெரியவர் கை வைக்கத்தான் செய்வார். ஆகவே இது ஆசிரியர்களுக்கும் பதில். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு 20 புள்ளி என்றால் இப்படிப் போடலாம்: பிள்ளையின் கேள்விக்கு 4, திட்டத்துக்கு 3, முயற்சிகளின் பதிவுக்கு 6, பிழைத்ததைப் பார்த்துச் செய்த மாற்றத்துக்கு 4, மூன்று நிமிட வாய்மொழி விளக்கத்துக்கு 3. பொருளின் அழகுக்கு ஒன்றும் இல்லை. வாய்மொழியில் “இதை இரண்டு மடங்கு பெரிதாகச் செய்தால் என்ன ஆகும்?” என்று ஒன்று கேளுங்கள். செய்தவர் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

சாமானைக் குறைப்பதும் உதவும். ஆளுக்கு ஒரே ஒரு ஏ4 தாள், கம் இல்லை, கத்தரிக்கோல் இல்லை. 20 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு புத்தக அடுக்கு. பாலம் போட வேண்டும், நடுவில் யோகட் கப்பை வைத்து ஒவ்வொரு தேக்கரண்டியாக மணல் போட வேண்டும். வெறும் தாள் கப்பையே தாங்காது. நீளப்பக்கமாக 1 சென்ரிமீற்றருக்கு ஒரு மடிப்பு, விசிறி போல மடித்தால் தாங்கும். பிறகு அதுவும் விழும், ஏனென்றால் பாரம் ஏற ஏற மடிப்புகள் பக்கவாட்டில் விரிந்துகொடுக்கும். அந்த விரிவைத் தடுக்க ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு வழி பிடிக்கும். இதை வீட்டுக்குக் கொண்டுபோக விடாமல் வகுப்பிலேயே செய்வித்தால் அப்பாமார் நித்திரை கொள்ளலாம்.

ஒன்பது வயது மகன் கையில் கிடைப்பதையெல்லாம் கழற்றுகிறான். திருப்பிப் பூட்டுவதில்லை. தடுப்பதா, விடுவதா?
– தாய், வெள்ளவத்தை

விடுங்கள். ஆனால் எதைக் கழற்றலாம் என்ற பட்டியல் உங்கள் கையில் இருக்கட்டும்.

கழற்றலாம்: பழுதான சுவர்க்கடிகாரம், டோர்ச், பற்றரியில் ஓடிய விளையாட்டுக் கார், கணினியின் கீபோர்ட், மௌஸ். கழற்றவே கூடாது: மைக்ரோவேவ் அவண், பழைய பெட்டி ரீவி, யூபிஎஸ், பிளாஷ் உள்ள கமெரா. இவற்றின் உள்ளே மின்னேற்றத்தைச் சேமித்து வைத்திருக்கும் கொள்ளளவிகள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும்; மைக்ரோவேவில் அது ஆளைக் கொல்லக்கூடிய அளவு. கைத்தொலைபேசி பற்றரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். சுருள் வடிவச் சேமிப்புக் குமிழ் உடைந்தால் பாதரசம் வெளியேறும். வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. ஆகவே சுவரில் செருகும் சாமான் எதுவானாலும், அனுமதித்த பட்டியலில் இருந்தால்கூட, முதலில் நீங்களே வயரை வெட்டிப் பிளக்கை எறிந்துவிட்டுக் கொடுங்கள். பொத்தான் பற்றரிகளும் சிறு காந்தங்களும் வெளியே வந்தவுடன் உங்களிடம் வரவேண்டும். தம்பி தங்கை விழுங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

நட்சத்திரத் தலை ஸ்குரூவுக்கு இரண்டு அளவில் ஸ்குரூ ட்ரைவர் வாங்கிக் கொடுங்கள். சின்னதை வைத்துப் பெரிய ஸ்குரூவைத் திருகினால் தலை தேய்ந்துவிடும். அதன்பின் யாராலும் கழற்ற முடியாது. தேயத் தொடங்கினால் ஒரு றப்பர் பாண்ட் துண்டை இடையில் வைத்து, நன்றாக அமத்தி, மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள்.

திருப்பிப் பூட்டாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, எந்த ஸ்குரூ எங்கே இருந்தது என்று மறந்துபோவதுதான். முட்டை மட்டை ஒன்றை எடுத்துக் குழிகளுக்கு 1, 2, 3 என்று இலக்கமிடுங்கள். முதலில் கழன்றது முதற் குழியில். ஒவ்வொரு படிக்கும் கொப்பியில் ஒரு படம். பூட்டும்போது கடைசிக் குழியிலிருந்து பின்னோக்கி. முதல் மூன்று நான்கு சாமான் பூட்டுப்படாமலே போகும், அதைக் குற்றமாக எடுக்காதீர்கள்.

சுவர்க்கடிகாரத்தில் தொடங்குவது நல்லது. உள்ளே இருக்கும் சிறு உலோகக் குழாய்க்குள் ஒரு குவாட்ஸ் பளிங்கு. அது செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிறது. அந்த எண்ணை 15 தடவை இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் 1 வரும். மகனே வகுத்துப் பார்க்கட்டும். விளையாட்டுக் காரிலிருந்து எடுத்த மோட்டரின் அச்சில் அழிறப்பர்த் துண்டு ஒன்றை ஒரு பக்கமாகக் குத்தி, 1.5 வோல்ற்றுப் பற்றரியோடு பழைய பல்தூரிகையின் முதுகில் கட்டினால் அது மேசையில் துடித்து ஓடும். எந்தத் திசையில் ஓடும் என்பதை அவன் கண்டுபிடிக்கட்டும்.

எங்கள் பாடசாலையில் ஆய்வுகூடம் இல்லை. காசும் இல்லை. முற்றம் மட்டும் இருக்கிறது.
– ஆசிரியர், தெமட்டகொடை

முற்றம் இருந்தால் பூமியையே அளக்கலாம்.

மட்டைத்துண்டு ஒன்றில் பென்சிலால் ஒரு துளை. அதை மேசை விளிம்பில் வெளியே நீட்டியபடி ஒட்டுங்கள். துளை தரையிலிருந்து சரியாக 1 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும். நூலில் ஸ்குரூ நட் ஒன்றைக் கட்டித் துளையிலிருந்து தொங்கவிட்டு, அது காட்டும் இடத்தைத் தரையில் குறியுங்கள். துளை வழியாக விழும் ஒளிப்பொட்டின் நடுவை 11.30 முதல் 12.45 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சோக்கால் குறிக்கட்டும். கம்பை நட்டு நிழலை அளந்தாலும் ஆகும். ஆனால் சூரியன் ஒரு புள்ளி அல்ல, வட்டு, அதனால் 1 மீற்றர்க் கம்பின் நிழல் நுனி 9 மில்லிமீற்றர் அளவுக்கு மங்கி, “எது நுனி?” என்று பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். ஒளிப்பொட்டுக்கு நடு உண்டு. சூரியனை நேரே பார்க்கக்கூடாது என்பதைத் தொடங்குமுன் சொல்லிவிடுங்கள்.

முதல் நாளே ஒரு குழப்பம் வரும்: நூற்குறிக்கும் ஒளிப்பொட்டுக்கும் இடையிலான மிகக் குறுகிய தூரம் சரியாக 12 மணிக்கு வராது. சொல்லிக்கொடுக்க அவசரப்படாதீர்கள். (உங்களுக்கு மட்டும்: இலங்கை நேரம் கிழக்கு நெடுங்கோடு 82.5 பாகைக்குரியது, கொழும்பு 79.9 பாகையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம். அதோடு பூமியின் ஓட்டமும் சீரானதல்ல. பெப்ரவரி நடுவில் உச்சி 12.25 அளவிலும் நவம்பர் தொடக்கத்தில் 11.54 அளவிலும் வரும்.)

ஏப்ரல் 7ஐ ஒட்டியும் செப்ரெம்பர் 5ஐ ஒட்டியும் கொழும்பில் சூரியன் தலைக்கு நேரே நிற்கும். ஏப்ரலில் அது 12.12 அளவில். ஒளிப்பொட்டு நூற்குறியின் மேலேயே விழும். அதே நாளில், அதே உயரத்தில், யாழ்ப்பாணத்தில் யாராவது அளக்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு மாமாவோ மச்சாளோ இருப்பார்கள். அங்கே 4.8 சென்ரிமீற்றர் அளவில் வரும். 1 மீற்றர் உயரத்தில் ஒரு பாகைக்கு 1.75 சென்ரிமீற்றர் என்று எடுத்தால் அது 2.74 பாகை; இரண்டு ஊருக்கும் இடையே பூமி வளைந்திருப்பது அவ்வளவு. வரைபடத்தில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் நேர்வடக்காக எவ்வளவு தூரம் என்று அளந்தால் ஏறக்குறைய 303 கிலோமீற்றர். 303ஐ 360ஆல் பெருக்கி 2.74ஆல் வகுத்தால் 39,800 கிலோமீற்றர். துருவங்களூடாகப் பூமியின் உண்மையான சுற்றளவு 40,008.

பிழைக்கும் இடங்கள் இரண்டு. யாராவது ஒரு குழு ஏ9 வீதியால் போகும் தூரத்தைப் போட்டு ஐம்பதாயிரத்துக்கு மேல் சொல்லும். பஸ் வளைந்து போகிறது, பூமி அப்படிப் போகவில்லை என்று வேறு குழு பிடித்துவிடும். மற்றது, 5 மில்லிமீற்றர் பிழைத்தாலே விடை நாலாயிரம் கிலோமீற்றர் தள்ளிப்போகும். ஆகவே மூன்று பேர் தனித்தனியே அளந்து சராசரி எடுக்கட்டும். அன்று மழை என்றால் பயமில்லை. வேறெந்த நாளிலும் இரண்டு ஊரிலும் அளந்து, ஒளிப்பொட்டுகள் ஒரே பக்கம் விழுந்தால் பாகைகளைக் கழிக்கலாம், எதிர்ப்பக்கம் என்றால் கூட்டலாம். இந்தக் கடைசி உத்தியை நீங்கள் சொல்லாமல் ஒரு பிள்ளை சொன்னால், அந்தப் பாடவேளையை அதற்கே விட்டுவிடுங்கள்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை வருடத்தில் இதற்கெல்லாம் நேரம் உண்டா?
– தாய், கிராண்ட்பாஸ்

கடைசி மூன்று மாதத்தில் புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம். ஏற்கனவே செய்துகொண்டிருப்பதை நிறுத்தவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணித்தியாலம் போதும். ரியூசன் முடிந்து களைத்து வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு மணித்தியாலத்தில் நீங்கள் எதையும் “சொல்லிக்கொடுக்காமல்” இருப்பதுதான் கஷ்டமான பகுதி.

முன்பள்ளியில் எல்லாப் பிள்ளையும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை. எப்படி மாற்றுவது? களிமண்ணும் கிடைப்பதில்லை.
– முன்பள்ளி ஆசிரியை, மட்டக்குளி

மட்டக்குளிப் பிள்ளை மலையை எங்கே கண்டது? கரும்பலகையில்தான். நீங்கள் மாதிரி வரைவதை நிறுத்தினாலே பாதி மாறும். மேசையில் பிலிம்பிக்காய் ஒன்று, பாதியாக வெட்டிய ரம்புட்டான் ஒன்று வையுங்கள். தொட்டு, மணந்து, பிறகு வரையட்டும். “இது என்ன?” என்று கேட்காதீர்கள், பிள்ளை உங்களுக்குப் பிடித்த பெயரைத் தேடும். “இதைப் பற்றிச் சொல்லுங்கோ” என்றால் கதை வரும். காகத்துக்கு நீலம் அடித்தால் அடிக்கட்டும். வெயிலில் காகத்தின் இறகைப் பார்த்தவர்கள் அதைப் பிழை என்று சொல்லமாட்டார்கள்.

களிமண்ணுக்குப் பதில்: கோதுமை மா 2 கப், உப்பு 1 கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 1 கப்புக்குச் சற்றுக் குறைவு. தண்ணீரைக் கடைசியில், கொஞ்சம் கொஞ்சமாக. மஞ்சள் தூள் நிறம் தரும், சட்டையிலும் பிடிக்கும். கொழும்புக் காற்றின் ஈரத்தை உப்பு இழுப்பதால் இரண்டு மூன்று நாளில் பிசுபிசுக்கும். ஒரு கரண்டி மா தூவிப் பிசைந்தால் சரி. இறுக்கமான ரின்னில், குளிர்சாதனப் பெட்டியில் ஒரு கிழமை தாங்கும். விரலில் காயமுள்ள பிள்ளைக்கு உப்பு எரியும், அன்று அதற்கு வேறு வேலை.

இன்னொன்று. நம் ஊரில் முன்பள்ளி என்றாலே பலரும் “மொன்ரிசூரி” என்பார்கள். 1944இல் மரியா மொன்ரிசோரியே இலங்கைக்கு வந்து பயிற்சி நடத்தியிருக்கிறார். பெயர்ப்பலகையைவிட அவர் வலியுறுத்திய ஒரு வழக்கம் உங்களுக்கு உதவும்: சாமான்கள் பிள்ளைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், எடுப்பதும் திருப்பி வைப்பதும் பிள்ளை.

தரம் 8 பிள்ளைகளை நூதனசாலைக்குக் கூட்டிப்போனால் ஒரு மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் “பார்த்து” முடித்துவிடுகிறார்கள்.
– வரலாறு ஆசிரியை, கொழும்பு 13

ஒரே ஒரு பொருளுக்காகப் போங்கள். கொழும்பு தேசிய நூதனசாலையில் காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹவின் பயணத்தோடு வந்தது. 1409ஆம் ஆண்டுத் தேதி பொறித்தது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் ஒரே கல்லில். இதில் எதையும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். கல்லின் முன் உட்காரவைத்து, 15 நிமிடம் தமிழ்ப் பகுதியில் தெரிகிற எழுத்துகளைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். தேய்ந்த கல், எல்லாம் தெரியாது. அக்கால எழுத்தில் மெய்க்குப் புள்ளி பெரும்பாலும் இராது. “புள்ளியைக் காணவில்லை” என்று ஒரு பிள்ளை முறையிட்டால் பாடம் தொடங்கிவிட்டது. தொடக்கூடாது, தாளை வைத்துத் தேய்க்கவும் கூடாது. பென்சிலும் கொப்பியும் மட்டும்.

பிறகு வெளியே மரநிழலில் கேள்விகளை எழுதட்டும். மூன்றும் ஒரே செய்தியா என்பது நிச்சயம் வரும். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற இந்துத் தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்தின் இறைவனுக்கும் காணிக்கை சொல்கின்றன. காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் பெரும்பாலும் ஒன்றே. இதை அடுத்த பாடவேளையில், அவர்கள் தங்கள் ஊகங்களைக் கரும்பலகையில் எழுதிய பிறகு கொடுங்கள். மற்றக் காட்சிக்கூடங்களைப் பார்க்கவில்லையே என்று பெற்றோர் முறையிட்டால், கல்வெட்டில் கண்ட எழுத்துகளைப் பிள்ளையிடம் வரைந்து காட்டச் சொல்லச் சொல்லுங்கள்.